பெறப்பட்ட தேதி

காஸ்லிங் கோவ்
அக்டோபர் 9

அன்புள்ள வெர்னாவுக்கு,

அண்ணன் ஹெட்லி எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன். செயிண்ட் ஜான்ஸில் அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் நீயும் நலமென்று எடுத்துக்கொள்கிறேன். நலமில்லாதவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கப் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காதுக்கு, நீ பேசுவது வாளிக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் கேட்கிறது.

போன மாதம் உன் அண்ணி பிளான்ச்சுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். இடது கையும் காலும் இன்னும் எழவில்லை. அக்கரை மருத்துவமனையில்தான் வைத்திருக்கிறார்கள். வாய் மட்டும் முழுதாகத் திரும்பிவிட்டது. "இந்த டீயை யாரு போட்டது? சர்ச்சுத் தரையைக் கழுவின தண்ணியா?" என்று நர்ஸைக் கேட்டாள். அந்த நர்ஸ்தான் அன்று டீ போட்டது.

அங்கே மிஸ் டக் என்று ஒரு சமூகப் பணியாளர் இருக்கிறாள். நல்ல பெண், வேகமாகப் பேசுவாள். என் காதுக்காகத் தாளில் எழுதியே காட்டினாள். வீட்டுக்கு உதவியாள் வைக்க உன் துறை அனுமதித்தால் பிளான்ச் வீட்டுக்கு வரலாம். ஜனவரி முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மருத்துவமனைப் படுக்கையைக் காலிசெய்து, மாகாணத்தில் எந்த முதியோர் இல்லத்தில் முதலில் இடம் காலியாகிறதோ அங்கே அனுப்பிவிடுவார்கள். எந்த மூலையானாலும் சரி. பக்கத்து வீட்டு எஃபி டிசார்டு காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ளத் தயார். குறைவது ஒரு படிவம் மட்டும்தான்.

அதற்காகத் தபால் நிலையத்துக்குப் போனேன். யூனா தன் கணினியில் உங்கள் படிவத்தைத் திறந்தாள். நடுவில் ஒரே ஒரு வரி வந்தது: "தயவுசெய்து காத்திருக்கவும்." காத்திருந்தேன். யூனா தபால்களைப் பிரித்து முடித்து, கதவைச் சாத்தும் நேரத்தில் சொன்னாள்: "ஹெட்லி மாமா, அது வராது."

"காத்திருன்னு போட்டிருக்கேம்மா."

"அது சும்மா போடுறது மாமா."

அரசாங்கம் எழுத்தில் கொடுத்ததைச் சும்மா என்று நினைக்க எனக்கு இன்னும் பழகவில்லை. நீ அந்தத் துறையில்தானே இருக்கிறாய். எவ்வளவு நேரம் காத்திருப்பது வழக்கம் என்று விசாரித்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஹெட்லி

*

செயிண்ட் ஜான்ஸ்
அக்டோபர் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

வெர்னாவின் வணக்கம். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணியின் வாய் திரும்பிவிட்டது என்று படித்தபோது பாதி பயம் போயிற்று. அந்த நர்ஸுக்கு என் அனுதாபம்.

யூனா சொன்னதே சரி. அது வராது. உங்களுக்கு வந்தது பிடிஎஃப் எனப்படும் ஆவணம். அதற்கென்று உள்ள மென்பொருளில் திறந்தால்தான் படிவம் தெரியும். இணைய உலாவியில் திறந்தால் காத்திருக்கச் சொல்லும். எதற்காக என்று அதை எழுதியவருக்கும் தெரியாது. இதுகுறித்துப் புகார் மிகக் குறைவு என்று ஆண்டறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறோம். புகார்ப் படிவமும் அதே வகை ஆவணம்தான்.

இதைச் சரிசெய்யத்தான் எங்கள் படிவச் சீர்திருத்தக் குழு இருக்கிறது. நான் அதன் செயலாளர். குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆவணக் கட்சிக்குத் தலைவர் கார்லண்ட் நோஸ்வொர்தி. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று இதையே சொல்வார்: "ஆவணம்னா ஆவணம் வெர்னா. யாரு திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். மாகாண முத்திரை நடுவுல நிக்கும். அச்சடிச்சுக் கையெழுத்துப் போட்டா கோர்ட்டுல செல்லும். உன் வலைப்பக்கம் போன்ல ஒரு மாதிரி, கணினியில ஒரு மாதிரி. ஓரிடத்துல நிக்காததை எப்படிம்மா நம்புறது?"

நான் இணையப் படிவத்தின் கட்சி. அது கையளவு திரையிலும் அடங்கும். பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் கருவி அதைத் தடங்கலின்றி வாசிக்கும். தப்பாக நிரப்பினால் அங்கேயே சொல்லும். மணமாகவில்லை என்று சொன்னவரிடம் மனைவியின் பெயரைக் கேட்காது. யார் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்கிறீர்களே, ஆமாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி உபயோகமில்லாமல் இருக்கும் என்று கார்லண்டிடம் சொன்னேன். அதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. குறிப்பு எழுதுவது நான் என்பதால் அந்த முடிவையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

சென்ற வாரம் என் கட்சி ஜெயித்தது. புத்தாண்டில் இணையப் படிவம் திறக்கிறது. பழையதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பொறுமையாக இருங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை
வெர்னா

*

காஸ்லிங் கோவ்
நவம்பர் 8

அன்புள்ள வெர்னாவுக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. உன் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுத்துப் பார்.

நீ ஜெயித்ததில் சந்தோஷம். இதற்கிடையில் யூனா எதையோ இறக்கி எதையோ நிறுவி, அந்தப் பழைய படிவத்தை அச்சிட்டுவிட்டாள். "காத்திருக்கச் சொன்னா நான் காத்திருப்பேனா மாமா? நான் ஃபட்ஜ் குடும்பத்துப் பொண்ணு," என்றாள். அடுப்படி மேசையில் உட்கார்ந்து பேனாவால் நிரப்பினேன். மாகாண முத்திரைக்கு உள்ளங்கை அகலம் இடம் விட்டிருக்கிறார்கள். "நோயாளியின் அன்றாடத் தேவைகளை விவரிக்கவும்" என்பதற்கு ஒரு விரல் அகலம். பிளான்ச்சிடம் போய் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"எல்லாம்னு எழுது," என்றாள்.

"அது பத்தாதே."

"பின்ன என்ன, கக்கூஸ்லேர்ந்து ஆரம்பிக்கிறியா? அமைச்சர் படிப்பாரு. நல்லா எழுது."

'எல்லாம்' என்றே எழுதினேன். உறையிலும் போட்டுவிட்டேன். இப்போது அனுப்பினால் தபால் முத்திரையில் தேதி விழுந்துவிடும், அதை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது என்கிறாள் யூனா. நீயோ பொறுமையாக இரு என்கிறாய். நீ துறைக்குள்ளே இருப்பவள். அனுப்பட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்
ஹெட்லி

*

செயிண்ட் ஜான்ஸ்
நவம்பர் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. ஒத்தடம் கொடுக்கிறேன், வலி கேட்கிறது. பதிலுக்கு நான் சொல்வதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

அனுப்பாதீர்கள். தபாலில் வரும் படிவங்களுக்கு என்ன ஆகிறதென்று நான் தினமும் பார்க்கிறேன். கீழ்த்தளத்தில் தற்காலிகப் பணியாளர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, காகிதத்தில் இருப்பதை மறுபடி கணினியில் தட்டுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இருக்கும் குவியலில் கோடையில் வந்தவையே இன்னும் இருக்கின்றன. அண்ணியின் பெயரில் காகிதம் ஒன்றும் இணையத்தில் ஒன்றும் வந்தால், இரட்டை விண்ணப்பம் என்று இயந்திரம் இரண்டையும் நிறுத்திவிடும். அதை விடுவிப்பதற்கு ஒரு படிவம் உண்டு. அது இன்னும் வடிவமைக்கப்படவில்லை.

புதுப் படிவம் திறந்த அன்றே நானே உட்கார்ந்து உங்களுக்காக நிரப்புகிறேன். அதை உருவாக்கியவளே நிரப்புவதைவிடப் பத்திரம் வேறென்ன? அண்ணியின் மருத்துவ விவரங்களையும் எஃபியின் முகவரியையும் மட்டும் எழுதி அனுப்புங்கள். 'எல்லாம்' என்பதை விரிவாக எழுதுங்கள். எங்கள் பெட்டி எவ்வளவு எழுதினாலும் நீளும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், முன்கூட்டியே.

அன்புத் தங்கை
வெர்னா

*

காஸ்லிங் கோவ்
ஜனவரி 5

அன்புள்ள வெர்னாவுக்கு,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாக அமையட்டும். காற்று அடங்காததால் பண்டிகை முழுவதும் படகு ஓடவில்லை. நான் முந்தின நாளே அக்கரைக்குப் போயிருந்ததால் பிளான்ச்சோடு இருக்க முடிந்தது. அவள் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் தூங்கினேன். கழுத்து பிடித்துக்கொண்டது, மற்றபடி நலம்.

கிறிஸ்துமஸுக்கு வான்கோழி கொடுத்தார்கள். பிளான்ச் ஒரு வாய் தின்றுவிட்டு, "இது செத்ததுல எனக்கு வருத்தம் இல்ல, சமைச்சதுலதான் வருத்தம்," என்றாள். சிரித்தோம். அப்புறம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எஃபி நம்ம அடுப்பைத் தொடைக்கிறாளா?"

"தொடைக்கிறா."

"எனக்குப் பழைய கட்டில் வேணாம். அடுப்படிக்குப் பக்கத்துல படுக்கையைப் போடு. கடல் தெரியணும். படிவம் என்னாச்சு ஹெட்லி?"

நீ பார்த்துக்கொள்கிறாய் என்றேன். "அப்ப சரி," என்றாள். உன்மேல் அவளுக்கு எப்போதும் நல்ல மதிப்பு. எங்கள் கல்யாணத்துக்கு நீ அந்த ஆரஞ்சுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்த பிறகும்.

நீ கேட்டதெல்லாம் தனித்தாளில் இருக்கிறது. அடுப்படிக்குப் பக்கத்தில் படுக்கை போட்டு, ஜன்னலையும் கொஞ்சம் தாழ்த்திவிட்டேன். அந்த உறை என் மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது. மாத முடிவு நெருங்குகிறது, நினைவு வைத்துக்கொள்.

அண்ணன்
ஹெட்லி

*

செயிண்ட் ஜான்ஸ்
ஜனவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

கழுத்து இப்போது எப்படி? நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணியின் விண்ணப்பம் போய்விட்டது.

திங்கட்கிழமை கேக் வெட்டினோம். மாகாண முத்திரையை நீல நிறச் சர்க்கரையில் அதன்மேல் எழுதியிருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் கேக் வெட்டியாயிற்று என்றால் வேலை முடிந்தது என்று பொருள். கார்லண்ட்கூட ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, "கேக்கு நல்லாருக்கு. முத்திரையும் ஓரிடத்துல நிக்குது," என்றார்.

அதற்கு முந்தைய வாரமெல்லாம் சோதனை நடந்தது. சோதனையில் உண்மையான மனிதர்களின் விவரத்தைப் போட மாட்டோம் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மீறினால் வேலை போகும், ஓய்வூதியத்திலும் கை வைப்பார்கள். ஆகையால் கார்லண்ட் தம் நாய்க்கு வீட்டு உதவியாள் கேட்டு விண்ணப்பித்தார். தகுதி உண்டு என்று பதில் வந்தது.

கேக் தட்டைக் கழுவிவைத்துவிட்டு, அன்று மாலையே நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்து நிரப்பினேன். வேகமாக முடிந்தது. 'எல்லாம்' என்பது ஒன்றரைப் பக்கம் வந்தது. பச்சை நிறக் குறி வந்து, "பெறப்பட்டது" என்றது. உங்கள் எண்: டி-0417. இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உறையை இனி அடுப்பில் போடலாம். கீழ்த்தளத்துக் குவியலுக்கு ஒன்று குறைவு.

ஜூனில் நான் ஓய்வுபெறுகிறேன். கோடையில் வந்து அண்ணி போட்ட டீயைக் குடிக்கிறேன்.

உங்கள் தங்கை
வெர்னா

*

காஸ்லிங் கோவ்
பிப்ரவரி 14

அன்புள்ள வெர்னாவுக்கு,

கழுத்து சரியாகிவிட்டது. நீ சொன்னபடியே உறையை அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

துறையிலிருந்து இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை. நான் கவலைப்படவில்லை, எண் இருக்கிறது. மிஸ் டக் தான் கொஞ்சம் பதறுகிறாள். தன் திரையில் பிளான்ச்சின் பெயரே இல்லையாம். "இன்னும் ஏறலை போல மாமா. எதுக்கும் உங்க தங்கச்சியை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க," என்று எழுதிக் காட்டினாள். ஜனவரியும் முடிந்துவிட்டது. ஆனால் விண்ணப்பம் அதற்கு முன்பே போய்விட்டதே என்று நான் சொல்லிவிட்டேன்.

பிளான்ச் தன் வீட்டுச் செருப்பைக் கொண்டுவரச் சொன்னாள். நடக்க முடியாதே, எதற்கு என்றேன். "வீட்டுக்கு வர்றப்ப வெறுங்காலோட தூக்கிட்டு வருவியா? ஊரு பாக்கும்," என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்திருக்கிறாள்.

ஒரு தடவை பார்த்து எழுது. அவசரமில்லை. அல்லது கொஞ்சம் அவசரம்தான்.

அண்ணன்
ஹெட்லி

*

செயிண்ட் ஜான்ஸ்
மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இருமல் பிடித்துக்கொண்டது. அலுவலகத்திலும் ஆண்டுக் கடைசி வேலை. இங்கே தெருவெல்லாம் பனிச்சேறு. அண்ணியின் செருப்பைப் பற்றி இரண்டு தடவை படித்தேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நாங்கள் கேக் வெட்டிய அன்று படிவம் உண்மையில் திறக்கவே இல்லையாம். அமைச்சர் தம் கையால் பொத்தானை அழுத்த விரும்பினார். அவருக்குத் தொண்டைக் கட்டு. அவர் தேறி வந்து அழுத்திய பிப்ரவரி நடுப்பகுதிவரை எல்லாம் சோதனை நிலையிலேயே இருந்திருக்கிறது. கேக் ஆர்டரை ரத்து செய்ய முடியாததால் கேக்கை மட்டும் குறித்த நாளில் வெட்டியிருக்கிறார்கள். அதை எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அமைச்சர் வருவதற்கு முந்தின நாள் சோதனைப் பதிவுகளையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்தார்களாம். கார்லண்டின் நாய்க்குக் கிடைத்த உதவியாளும் போயிற்று. அலுவலகமே சிரித்தது.

அண்ணியின் விண்ணப்பத்தை ஒரு பாதுகாப்புக்காக நான் மறுபடி ஒருமுறை அனுப்பிவைத்திருக்கிறேன். புது எண் ஹெச்-0093. இனி யார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள். பழைய எண்ணைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

ஜூன் மாதம் எனக்குப் பிரிவுபசாரம் வைக்கிறார்களாம். கார்லண்ட் பேசுகிறார். ஆவணம்போல் நீளமாக இருக்கும்.

குளிரில் வெளியே போகாதீர்கள்.

தங்கை
வெர்னா

*

காஸ்லிங் கோவ்
மார்ச் 29

அன்புள்ள வெர்னாவுக்கு,

இருமல் எப்படி இருக்கிறது? நான் இருக்கிறேன்.

துறையின் பதில் வந்தது. உதவியாள் வைக்கப் பிளான்ச்சுக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறதாம். விண்ணப்பம் பெறப்பட்ட தேதி மார்ச் 5. ஆகையால் பரிசீலிக்க இயலாதாம். அந்தத் தாள் வந்த வாரமே வடக்கு முனையில் ஓர் இல்லத்தில் படுக்கை காலியாகியிருக்கிறது. ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். கடலில் பனிக்கட்டி அடைத்திருந்ததால் படகு ஓடவில்லை. நான் போய்ச் சேரவில்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "ஹெட்லி வரட்டும், அவன்கூடப் போறேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். மிஸ் டக் எழுதியிருக்கிறாள். அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன், மை ஊறியிருக்கிறது.

எனக்காக யூனா துறைக்குப் போன் செய்தாள். ஜனவரியிலேயே அனுப்பினோம் என்று டி-0417 ஐச் சொன்னாளாம். "டி-ன்னு ஆரம்பிச்சா அது சோதனை எண்ணுங்க. அப்படி எண் வெளியாள் கைக்கு வரவே வராதே, உங்களுக்கு யாரு குடுத்தது?" என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கிறாள் ஒருத்தி. யூனா அந்தக் கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டினாள். சொல்லாதே என்று தலையை ஆட்டினேன். "தப்பாப் படிச்சிட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெர்னா, அந்தத் துடைத்தெடுத்த பதிவுகளில் பிளான்ச்சுடையதும் இருந்ததா?

மேல்முறையீடு செய்யலாம் என்று தாளின் பின்பக்கம் போட்டிருக்கிறது. காலக்கெடுவுக்கு முன்பே விண்ணப்பித்ததற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் இணைக்க வேண்டுமாம். என்னிடம் உறை இல்லை, எரித்துவிட்டேன். இருப்பது உன் ஜனவரிக் கடிதம் மட்டும்தான். தேதி, எண், உன் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் இணைக்க மாட்டேன். இணைக்கட்டுமா? மே முடிவுவரை அவகாசம் இருக்கிறது.

அண்ணன்
ஹெட்லி

*

செயிண்ட் ஜான்ஸ்
மே 11

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் விட்டபாடில்லை. மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். இங்கே துறைமுகத்துக்கு வெளியே ஒரு பெரிய பனிப்பாறை வந்து நின்றுகொண்டிருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அண்ணிக்கு அந்த இல்லம் பிடித்திருக்கிறதா? வடக்கு முனையில் உள்ளவர்கள் நல்ல மாதிரி என்று கேள்வி.

மேல்முறையீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதுவும் இப்போது இணையப் பக்கம்தான். ஆனால் இணைப்பாக பிடிஎஃப் ஆவணத்தை மட்டுமே அது ஏற்கும். கார்லண்டின் கட்சிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று குழுவில் அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தோம். நான் எதிர்த்தேன், குறிப்பில் இருக்கிறது. ஆகவே கையால் எழுதிய கடிதத்தை அதில் இணைக்க வழியில்லை. எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. விதி அப்படி இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும்?

அடுத்த ஆண்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம். செப்டம்பரில் திறக்கும். நானே வந்து உதவுகிறேன், அப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கும்.

பழைய கடிதங்களையெல்லாம் சேர்த்து வைக்க வேண்டாம். வீட்டில் ஈரம் சேரும்.

பிரிவுபசாரம் ஜூன் 15 என்று முடிவாகிவிட்டது.

தங்கை
வெர்னா

*

காஸ்லிங் கோவ்
மே 29

அன்புள்ள வெர்னாவுக்கு,

நான் நலம் என்று எழுதிப் பழகிவிட்டதால் எழுதுகிறேன். உன் இருமலுக்குத் தேன் கலந்து வெந்நீர் குடி.

வடக்கு முனைக்குப் போய் வந்தேன். படகு, பேருந்து, பிறகு மீன் ஏற்றிப்போகும் ஒரு லாரி. அந்த இல்லம் சுத்தமாகத்தான் இருக்கிறது. பிளான்ச்சின் ஜன்னலிலிருந்து வண்டிகள் நிறுத்தும் இடம் தெரிகிறது. முதல் நாள் என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? கெளம்பு," என்றாள். இல்லை பிளான்ச், இன்னும் கொஞ்சம் நாளாகும் என்றேன். யாருடைய தப்பு என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டாம் நாள் வீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் டீ கொண்டுவந்தார்கள். சுவையில்லாத டீ. குறைசொல்வாள் என்று காத்திருந்தேன், வெர்னா. அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராகவும் இருந்தேன். அவள் கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டு "நன்றி" என்றாள். நாற்பத்தோரு வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்பி வந்து நேரே தபால் நிலையத்துக்குப் போனேன். உன் ஜனவரிக் கடிதத்தை யூனாவிடம் காட்டி, இதைப் பிடிஎஃப் ஆக்க முடியுமா என்று கேட்டேன்.

"இதென்ன பெரிய வேலை மாமா? கண்ணாடி மேல வச்சு மூடுனா ஆயிடும்."

"வழியில்லைன்னு வெர்னா எழுதியிருக்காளே."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள். பிறகு, அந்தக் குழுவின் செயலாளர் யார் என்று அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். தபால்தலைகளை எடுத்து எண்ண ஆரம்பித்தாள். அவள் எண்ணி முடிக்கட்டும் என்று நின்றேன்.

உன்னைக் கேட்காமல் இணைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். கேட்டேன். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை, முடியாது என்றுதான் சொன்னாய். முடிகிறது. அனுப்புவதற்கு முன் உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நீ இன்னொரு காரணம் அனுப்பியிருப்பாய். நான் அதையும் நம்பியிருப்பேன்.

இன்று காலை அனுப்பினோம். உன் எழுத்து எப்போதும் அழகு, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்திருக்கிறது. அனுப்பியவர் யார் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டோம். விண்ணப்பத்தை நிரப்பியவர் யார் என்று கேட்டிருந்த இடத்தில் உன் பெயரைப் போட்டோம். அது கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டி. வெறுமையாக விட்டுப் பார்த்தேன், மேலே போக விடவில்லை.

இதனால் பிளான்ச் வீட்டுக்கு வருவாளா என்று தெரியாது. வந்தாலும் எந்தப் பிளான்ச் வருவாள் என்று தெரியாது. உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். உள்ளதைச் சொல். நல்லது செய்யத்தான் நினைத்தாய் என்பதையும் சொல். அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில்தான் ஏறும். அங்கே வந்து சேர அடுத்த வாரம் ஆகிவிடும். அதற்குள் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அண்ணன்
ஹெட்லி